ரோட்டோரம் நிற்கும் ஐச்சரில் டீசல் திருட்டு: மூடிப் பூட்டு மட்டும் போதுமா?

பாலாடா ஐச்சர்:

வணக்கம். நீலகிரியில் கேத்தி பாலாடாவில் கேரட் ஏற்றும் ஐச்சர் லாரி ஒன்று வைத்திருக்கிறேன். ஓட்டுவது நானேதான், அதனால் "டிரைவரை விசாரிங்க" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வீடு ரோட்டுக்குக் கீழே, படி இறங்கித்தான் போகணும். வண்டி மேலே ரோட்டோரம் நிற்கும். ராத்திரி மெஷினில் கேரட் கழுவி முடித்து, மூட்டை ஏற்றி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விட வேண்டும்.

போன வாரம் லோடு ஏற்றப் போக வண்டியை எடுத்தால், ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. டேங்க் காலி. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேனில் டீசல் வாங்கி ஊற்றினால், லைனில் ஏர் பிடித்திருக்கிறது. அந்தக் காற்றை வெளியேற்ற, கையால் அமுக்கும் பிரைமர் பம்ப்பை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல விலை போய்விட்டது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற டீசல் போனதைவிட அதுதான் வயிற்றெரிச்சல்.

டேங்குக்குக் கீழே ஈர மண்ணில் சதுரமாகக் கேன் வைத்த தடம், பக்கத்தில் ஒரு காலி கூல்டிரிங்ஸ் பாட்டில். நம் மாவட்டத்தில் டூரிஸ்ட் தண்ணி பாட்டில் கொண்டுவந்தால் செக்போஸ்ட்டில் பிடுங்குகிறார்கள், இவனுக்கு மட்டும் எங்கே கிடைத்ததோ.

மூடியில் பூட்டு இருக்கிறது. ஆனால் தேய்ந்துபோய், பீரோ சாவி போட்டாலும் திறக்கிறது. நாய் வளர்க்கச் சொல்லாதீர்கள். இருந்த நாயைச் சிறுத்தை தூக்கிவிட்டது. புது மூடி போட்டால் போதுமா? ட்யூப் இறங்காதபடி டேங்க் வாயில் ஓட்டை ஓட்டையான தடுப்பு, அதாவது ஜாலி, போடச் சொல்கிறார் ஒருவர். ஜிபிஎஸ் சென்சார் போடச் சொல்கிறார் இன்னொருவர். எதற்குக் காசைப் போடுவது?

வெலிங்டன் வண்டி:

கேமரா போடுங்க தலைவா. சோலார், சிம் போட்டது, ஆன்லைனில் கிடைக்கிறது.

பாலாடா ஐச்சர்:

மேலே பேக்கரிக்காரர் போட்டிருக்கிறார். மேகம் இறங்கிவிட்டால் விடியவிடிய வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரிதான் தெரிகிறது.

பழைய பட்டறை:

தம்பி, நான் குன்னூர் பக்கம் எஸ்டேட் பட்டறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். காசு செலவழிப்பதற்கு முன்னால், வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். திருடன் டேங்குக்குள் ட்யூப் விட்டுத்தான் டீசலை இழுப்பான். அந்த ட்யூபின் வெளிமுனை, டேங்கில் இருக்கும் டீசல் மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் எண்ணெய் தானாக இறங்கும். டேங்க் பள்ளத்துப் பக்கம் இருந்தால் திருடனுக்கு நீங்களே வசதி செய்து கொடுத்த மாதிரி. அவன் ரோட்டுக்குக் கீழே தேயிலைக்குள் உட்கார்ந்துகொள்வான், எதிரில் பஸ் வந்தால்கூடத் தெரியாது. டேங்க் மேட்டுப் பக்கம் வரும்படி வண்டியைத் திருப்பி, மண் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். ஆள் நுழைய இடமில்லை என்றால் கேனும் நுழையாது.

அதிலும் ஒன்று கவனிக்கணும். நம் ரோடுகளில் மேட்டுப் பக்கம் ஓரக் கால்வாய் ஓடும். ஸ்லாப் போடாத இடமாக இருந்தால் அவன் அதற்குள்ளேயே குத்தவைத்து உட்கார்ந்து வேலையை முடிப்பான். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற கல்வெர்ட்டுக்குப் பக்கத்திலும் நிறுத்தாதீர்கள்.

மூடியை மாற்றுங்கள், அது எப்படியும் வேண்டும். ஆனால் பூட்டை நெம்ப ஸ்க்ரூடிரைவர் போதும். ஜாலி போட்டால்தான் ட்யூப் உள்ளே இறங்காது. லேத்தில் செய்யச் சொல்லும்போது ஓட்டை ரொம்பச் சின்னதாக இருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். டீசல் நுரைத்து மேலே வந்து, பங்க்கில் கன் கட் ஆகிக்கொண்டே இருக்கும், பையன் உங்களைத்தான் திட்டுவான். கன்னின் மூக்கு முழுக்க உள்ளே போகிற நீளமும் வேண்டும்.

வாயை அடைத்தால் அடுத்து அடியில் கை வைப்பான். டேங்குக்குக் கீழே டீசலை வடிக்கிற டிரெயின் போல்ட் இருக்கிறது, ஒரு ஸ்பேனர் போதும். அதை மறைத்து ஒரு தகட்டுக் கூடு செய்து, டேங்கைத் தாங்குகிற பட்டையில் போல்ட் போட்டு மாட்டுங்கள். டேங்கிலேயே வெல்டிங் வைக்கக் கூடவே கூடாது. டீசல் இல்லை என்று நினைத்துத்தான் வைப்பார்கள். உள்ளே ஆவி நிற்கும், நெருப்புப் பட்டால் வெடிக்கும்.

வெலிங்டன் வண்டி:

ராத்திரி டீசலைக் குறைவாக வைத்தால் என்ன? காலையில் கீழே இறங்கி அடித்துக்கொள்ளலாமே.

பழைய பட்டறை:

நீலகிரிக் குளிரில் அது சரிவராது. டேங்க் காலியாக இருக்க இருக்க உள்ளே காற்று அதிகம், ராத்திரி தகடு ஜில்லென்று ஆனதும் அந்த ஈரம் வேர்த்து அடியில் தண்ணீராக நிற்கும். மார்கழி, தையில் உறைபனி விழுகிற ஊரில் இதை வழக்கமாக வைத்தால் ஃபில்டரிலும் இன்ஜெக்டரிலும் செலவு வரும்.

மஞ்சூர் டீச்சர்:

லாரிக்காரர்களுக்கு நடுவில் மன்னிக்கவும். என் கணவரின் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கில் பெட்ரோல் டேப்பில் மாட்டியிருக்கும் ட்யூபைக் கழற்றி பாட்டிலில் பிடித்துவிடுகிறார்கள். ராத்திரி டேப்பை மூடித்தான் வைக்கிறோம். இதற்கு என்ன செய்வது சார்?

பழைய பட்டறை:

நீங்கள் மூடியதை அவன் திறந்துகொள்வான் அம்மா. சாவி போட்ட பெட்ரோல் டேப் ஸ்பேர் கடையில் கிடைக்கும், அதை மாட்டச் சொல்லுங்கள். புது பிஎஸ் 6 வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால் இப்படித் திறந்து பிடிக்க டேப்பே கிடையாது.

கூடலூர் டிப்பர்:

சென்சார் பற்றி நான் சொல்கிறேன், மாட்டி வைத்திருக்கிறேன். டேங்கில் ஒரு குழாய் மாதிரி இறக்குவார்கள், டீசல் மட்டம் சட்டென்று இறங்கினால் போனுக்கு மெசேஜ் வரும். எனக்கு டேங்கின் ஓரத்தில் இறக்கிவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவு ஏறும்போதெல்லாம் "டீசல் திருட்டு" என்று மெசேஜ். சரிவில் வண்டி மூக்கைத் தூக்கி நின்றாலும் அப்படித்தான். டேங்கின் நடுவில் இறக்கி, அளவு வைத்துச் சரிபார்த்த பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது. அப்புறம் சிக்னல் இல்லாத இடத்தில் நின்றால் மெசேஜ் டவர் கிடைக்கும்போதுதான் வரும், அதற்குள் அவன் கேனோடு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான். ஒரே வண்டிக்கு இது வேண்டாம் என்பேன். நாலைந்து வண்டி, டிரைவர்கள் என்று இருந்தால் போடலாம்.

இன்னொன்று, டேஷ்போர்டு முள்ளும் சரிவில் ஏமாற்றும். ராத்திரி நிறுத்திய அதே இடத்தில், அதே சாய்வில் காலையில் பாருங்கள், அப்போதுதான் குறைந்ததா இல்லையா என்று சொல்ல முடியும். போலீசில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்கிவிடுங்கள். இப்போது திருட்டு, ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 303-ஆவது பிரிவில் வரும். தொகை சின்னது என்று விட்டுவிட்டால், அதே லைனில் அடுத்த வண்டிக்கு வருவான்.

பாலாடா ஐச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இன்று ராத்திரியே வண்டியைத் திருப்பி, ஸ்லாப் போட்ட இடமாகப் பார்த்து நிறுத்துகிறேன். சென்சார் வேண்டாம், மூடியும் ஜாலியும் போதும். மனுவும் கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம் அண்ணே. நான் முள்ளை நம்புவதில்லை, மூங்கில் குச்சி விட்டுத்தான் டீசல் அளவு பார்ப்பேன். ஜாலி போட்டால் குச்சி எப்படிப் போகும்?

பழைய பட்டறை:

போகாது தம்பி. குச்சி போகிற ஓட்டை விட்டால் ட்யூபும் போகும். இனி ஃபுல் டேங்க் அடித்து, அடுத்த ஃபுல் டேங்க் வரை ஓடிய கிலோமீட்டரை நோட்டில் எழுதுங்கள், அது குச்சியைவிடச் சரியாக இருக்கும். ஜாலியை ஸ்க்ரூ போட்டு மாட்டாமல் ரிவெட் அடிக்கச் சொல்லுங்கள். ரிவெட் அடிக்க ஓட்டை போடும்போது பிசிறு உள்ளே விழாமல் வாயில் துணி அடைக்கச் சொல்லுங்கள், டிரில் போடுவது டேங்கைக் கழற்றிக் கழுவிய பிறகு.