டிஎக்ஸ்7 + கிட்டார் மல்டி எஃபெக்ட்ஸ்: ஹெட்போனில் தேன், மேடையில் தகரம்

குடியாத்தம் கீபோர்டு:
லைட் மியூசிக் குழுவில் வாசிக்கிறேன். மாமாவின் பழைய யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் கீபோர்டு பரணில் கிடந்தது, இறக்கித் துடைத்து எடுத்துக்கொண்டேன். 1983 மாடல், உள்ளே ரிவெர்ப் (எதிரொலி), கோரஸ் (ஒரு சத்தத்தைப் பல பேர் சேர்ந்து வாசிப்பது போல அலைய வைப்பது) எதுவும் கிடையாது. எலக்ட்ரிக் பியானோ டோன் அருமைதான், ஆனால் எவர்சில்வர் தட்டில் கரண்டி பட்டது போல வெறுமையாக இருக்கும். எங்கள் கிட்டார் பையன் இதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கும் தன் பழைய மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை மலிவாகக் கொடுத்தான். ராத்திரி ஹெட்போனில் பேட் (pad, பின்னணியில் நீளமாக இழுக்கும் மெல்லிய சத்தம்) டோனுக்குக் கோரஸ் போட்டேன், அப்படியே மிதந்தது!

எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் பக்கத்துத் தெரு மேடையில் அதையே வாசித்தால் பேட் காணாமல் போய்விட்டது. பியானோவில் ஓங்கி கார்டு போட்டால் 'கர்ர்' என்கிறது. பெட்டி போச்சா?

காட்பாடி பெரிசு:
பெட்டிக்கு ஒன்றும் இல்லை தம்பி. கிட்டார் பிக்கப் தரும் சிக்னல் சிறியது. கீபோர்டின் லைன் அவுட்டில் வரும் சிக்னல் அதைவிட ரொம்பப் பெரியது, கிட்டாருக்கான பெட்டி தாங்காமல் 'கர்ர்' என்கிறது. டிஎக்ஸ்7-ல் ஓங்கி அடித்தால் சத்தம் கூடும். ராத்திரி வீட்டில் மெதுவாக வாசித்திருப்பாய், மேடையில் கை ஏறியிருக்கும். இன்புட் லெவலைக் குறை. ஓங்கி அடித்துப் பார்த்து செட் பண்ணு, தடவிப் பார்த்து அல்ல.

பெட்டியில் கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கர் மாதிரி சத்தத்தை மாற்றும் ஆம்ப், கேபினெட் பிளாக் இரண்டையும் அணைத்துவிடு. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் விழுங்கிவிடும்; டிஎக்ஸ்7-ன் மணிச் சத்தம் அங்கேதான் இருக்கிறது. சின்னச் சத்தத்தை அடைத்துவிடும் நாய்ஸ் கேட்டும் வேண்டாம், பேட் மெல்ல அடங்கும் வால் அறுந்துபோகும்.

டிலேக்கு (சத்தம் சற்றுத் தள்ளித் திரும்ப வருவதற்கு) 60,000-ஐ டெம்போவால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பதால் வகு. 120 டெம்போவில் ஒரு பீட் 500 மில்லி செகண்ட். அதில் முக்கால், 375 வைத்தால் இரண்டு பீட்டுக்கு இடையே விழும், அழகாக இருக்கும்.

ஆற்காடு சவுண்ட் சர்வீஸ்:
பேட் காணாமல் போனதற்குக் காரணம் எங்கள் ஆட்கள்தான், மன்னிக்கணும். திருவிழாவில் ஹார்ன் எல்லாம் மோனோ, இடது வலது பிரிவு இல்லாமல் ஒரே சத்தம்தான். உங்கள் ஸ்டீரியோ கோரஸ் இடது, வலதில் எதிரெதிராக அலைவதை மிக்ஸரில் ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பெட்டியில் இரண்டு கேபிளையும் செருகி, எங்களிடம் இடதை மட்டும் கொடுங்க, வலது சும்மா தொங்கட்டும். வலதைக் கழற்றிவிட்டால் பல பெட்டிகள் உள்ளேயே இரண்டையும் சேர்த்துவிடும், பழைய கதைதான்.

அப்புறம் ரிவெர்பைப் பாதியாக்குங்க. எதிர்வீட்டுச் சுவரே போதுமான எதிரொலி கொடுக்கும்.

குடியாத்தம் கீபோர்டு:
நேற்று ரிகர்சலில் பார்த்துவிட்டேன் அண்ணா. வலது கேபிள் தொங்குவதைப் பார்த்துப் பாடகர் மூன்று முறை செருக வந்தார், கையைத் தட்டிவிட்டேன். பேட் நின்றது. 'கர்ர்' இல்லை. டிலேயை மட்டும் 375-லிருந்து மாற்றவில்லை. அடுத்த பாட்டு டெம்போ 100, எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். 450 என்று பேப்பரில் எழுதி ஒட்டிவிட்டேன்.