தீமிதிக்கு முன் எதை வாங்குவது: புது பாடியா, லென்ஸா?

ஈசூன்வாசி:
அண்ணன்மாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். கையில் இருப்பது சோனி ஏ6000 கேமரா, கூடவே வந்த 16-50 மி.மீ. கிட் லென்ஸ். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதியில் எடுத்த படங்களில் பூக்குழி இறங்குபவரின் முகமாவது ஓரளவு தெரிகிறது, கால் சுத்தமாகக் கலங்கிவிட்டது, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 6400க்கு ஏற்றி வைத்ததால் படம் முழுக்க மணல் தூவியது போல் புள்ளி வேறு. போனஸ் வந்ததும் ஏ7 மார்க் 4 பாடி (லென்ஸ் இல்லாமல் கேமரா மட்டும்) வாங்கிவிடலாமா? லென்ஸுக்கு இப்போது அவசரமில்லை, பழையதையே மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

தேக்கா அண்ணன்:
தம்பி, உங்கள் கடைசி வரியில்தான் வில்லங்கம். அது பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் பாடி, 33 மெகாபிக்சல். உங்களிடம் இருக்கும், சின்ன சென்சாருக்கான ஏபிஎஸ்-சி லென்ஸை மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு 14 மெகாபிக்சல் படம்தான் தரும். இப்போது இருப்பதிலேயே 24 வருகிறதே! அத்தனை வெள்ளியைக் கொட்டி இதற்கா?

அப்புறம் கால் கலங்குவதற்குக் காரணம் ஷட்டர் வேகம் போதாதது. அந்த கிட் லென்ஸ் 50 மி.மீ.க்கு ஜூம் செய்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). சோனியின் 50 மி.மீ. எஃப் 1.8 போட்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், 1/60 நொடியில் எடுத்ததை ஐஎஸ்ஓவைத் தொடாமலேயே 1/500இல் எடுக்கலாம். ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பார்கள், அது உங்கள் கை நடுக்கத்துக்குத்தான், பக்தர் ஓடுவதற்கு இல்லை. ஒன்று, 1.8இல் ஃபோகஸ் ஆழம் குறைவு, ஓடி வருபவரின் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துவிடும். 2.8க்கு மூடிக்கொண்டாலும் நான்கு மடங்கு லாபம்தான்.

கொக்கு பார்ப்பவன்:
தீமிதிக்கு அண்ணன் சொல்வது சரி, எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகத்தில் மீன்கொத்தி பாயும்போது பழைய பாடி ஃபோகஸைத் தேடித் தேடியே பறவை போய்விடும். பறவையின் கண்ணைக் கண்டுபிடித்து விடாமல் துரத்தும் பாடிகள் வந்த பிறகு என் கணக்கே மாறிவிட்டது. என்ன, 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் அந்த பாடியை வைத்துக்கொண்டும் ஒன்றும் செய்ய முடியாது.

ஈசூன்வாசி:
14 மெகாபிக்சலா! சரி, பாடி வேண்டாம். அந்த 50 மி.மீ.யை பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் வாங்கலாமா? கூட்டத்தில் ரொம்ப நெருக்கமாகிவிடாதா?

தேக்கா அண்ணன்:
ஏ6000இன் சின்ன சென்சாரில் அது ஃபுல் ஃபிரேமின் 75 மி.மீ. கோணம் தரும், தடுப்புக்கு வெளியே நின்று எடுக்க நல்லது. கோயிலுக்குள்ளேயும் எடுப்பீர்கள் என்றால் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 பாருங்கள். பழையது தாராளமாக வாங்கலாம், ஆனால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் காசை நீட்டுவதற்கு முன் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடியில் மெல்லிய வெள்ளை இழை ஓடினால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாங்கியதை அலமாரியில் துணிக்கு நடுவே வைக்காதீர்கள், நம்மூர் ஈரத்துக்குத் தாங்காது. ஈரத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன டிரை கேபினெட் ஒன்று வாங்கி ஈரப்பதத்தை 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் வையுங்கள்.