ஏற்காட்டில் தேக்குப் படிக்கட்டு: தூண் ஆடுகிறது, பூச்சு உரிகிறது

ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம், பழைய வீடு. தேக்குப் படி 14, அகலம் 3 அடி, கைப்பிடியைத் தாங்கும் கடைசல் கால் 28. கீழ்த்தூணைப் பிடித்து அசைத்தால் கைப்பிடி அரை இஞ்ச் ஆடுகிறது.

மார்ச்சில் தூணுக்கு 3 இஞ்ச் ஸ்க்ரூ இரண்டு போட்டோம். ஒரே மாதத்தில் பழையபடி. கழுந்து (துளைக்குள் இறங்கும் தூணின் முனை) சுருங்கித் துளை தளர்ந்திருக்கிறது, வெளியே எத்தனை ஸ்க்ரூ முறுக்கினாலும் நிற்காது. ஆடிய 6 கால்களுக்குப் பழைய பசையைச் சுரண்டாமல் மேலேயே புதுப்பசை வைத்தார்கள், அதுவும் விட்டுவிட்டது.

ஜூலை மழையில் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு வேறு. பழைய வார்னிஷை முழுக்க எடுக்காமல் 180 நம்பர் உப்புத்தாள் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். இப்போது வெள்ளை பூத்திருக்கிறது. படியின் முனையில் நகம் வைத்தால் வெங்காயத்தோல் மாதிரி உரிந்து வருகிறது, அடியில் பழைய வார்னிஷ் பளபளக்கிறது.

சேலத்திலிருந்து இருவர் வந்து பார்த்தார்கள். ஒருவர் எல்லாம் கழற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்கிற எஸ்எஸ் ரேலிங் போடச் சொல்கிறார் (தேக்குக்குப் பக்கத்தில் எஸ்எஸ்ஸா!). மற்றவர் பாலிஷ் மட்டும்தான் செய்வாராம்.

பிப்ரவரியில், ஈரம் குறைந்தபின், மலைக்கு வந்து கழுந்தைச் சரிசெய்து, பழைய பூச்சை மரம் தெரியுமளவு எடுத்து, இரண்டு வேலையையும் தானே செய்யும் ஆசாரி சேலம் பக்கம் யாராவது இருக்கிறாரா?