பேட்டரியைத் தின்பது சிப்பா, சிவப்பு விளக்கா?

பெகு தம்பி:
கோயிலில் சாயங்காலப் பூசைக்குத் தானாக மணி அடிக்க ஒரு ப்ரோ மினி (சின்ன ஆர்டுயினோ போர்டு) வைத்திருக்கிறேன். கரண்டை நம்ப முடியாது, அதனால் 18650 லித்தியம் செல் ஒன்று. போர்டு தூங்கும், டி.எஸ்.3231 என்ற கடிகாரச் சிப் நேரம் பார்த்து எழுப்பும். 50 நாளில் செல் காலி. அந்தச் சிப் பேட்டரி தின்னி, டி.எஸ்.1307 என்ற வேறு கடிகாரச் சிப் போடு என்கிறார் ஒருவர். சரியா?

சால்டர் மாமா:
எந்த மேதாவி சொன்னது? சிப் இருக்கும் மாடியூலில் சிவப்பு எல்.இ.டி. ராத்திரி பகலாக எரிகிறதே, அது கண்ணில் படவில்லையா? 1 கிலோ ஓம் வழியாக 1.8 மில்லி ஆம்ப். ஒரு நாளைக்கு 43 மில்லி ஆம்ப் ஹவர். உன் 2200 மில்லி ஆம்ப் ஹவர் செல்லுக்கு 51 நாள். கணக்கு முடிந்தது.

மோல்மேன்காரன்:
மேதாவி நான்தான். டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள். வி.சி.சி.யில், அதாவது மெயின் சப்ளையில், சும்மா கிடக்கும்போதே 3231 அதிகபட்சம் 110 மைக்ரோ ஆம்ப் இழுக்கும். 1307 மாடியூலின் சின்னப் பட்டன் செல்லில் ஓடும்போது 0.5 மைக்ரோகூடத் தாண்டாது.

சால்டர் மாமா:
வி.சி.சி. கணக்கையும் பட்டன் செல் கணக்கையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். பட்டன் செல்லில் 3231-க்கும் 3 மைக்ரோதான் உச்சம். உங்கள் 1307-க்கு 4.5 வோல்ட் வேண்டும். இந்தச் செல்லில் பேசவே பேசாது. சிப்பின் 110 மைக்ரோ பெரிசா, எல்.இ.டி.யின் 1800 மைக்ரோ பெரிசா? எல்.இ.டி.யைப் பிடுங்கு தம்பி.

மோல்மேன்காரன்:
110, 110-தான்.

ரங்கூன் ராத்திரி:
வி.சி.சி. ஒயரையே கழற்றிவிடலாமே? சிப் பட்டன் செல்லில் ஓடும். சிப்பின் செட்டிங் இருக்கும் கண்ட்ரோல் ரிஜிஸ்டரில் பி.பி.எஸ்.க்யூ.டபிள்யூ. பிட்டை 1 ஆக்கினால் அலாரமும் அடிக்கும்.

மோல்மேன்காரன்:
பார்த்தீர்களா, 110 போச்சு! நான் சொன்னதுதான்.

சால்டர் மாமா:
வி.சி.சி. போனால் எல்.இ.டி.யும் அணையும் ஐயா. நான் சொன்னதுதான்.

பெகு தம்பி:
மாமா, எல்.இ.டி.யைப் பிடுங்கினேன், அது ஒட்டியிருந்த செம்புப் பேடும் கூடவே வந்துவிட்டது.

சால்டர் மாமா:
ஈயத்தை உருக விடாமல் இழுத்தால் வரத்தான் செய்யும். இரண்டு முனையிலும் புது ஈயம் வைத்து, மாறி மாறிச் சூடு காட்டி, தானாக நகரும்போது எடுக்க வேண்டும். போகட்டும், அந்தப் பேடு இனி தேவையில்லை. பட்டன் செல் சி.ஆர்.2032-ஆ? அப்படியானால் பக்கத்து 200 ஓம் ரெசிஸ்டரையும் எடு. அது சார்ஜ் ஏறும் எல்.ஐ.ஆர்.2032-க்கு வைத்த வழி. சி.ஆர். செல்லுக்குச் சார்ஜ் ஏற்றினால் உப்பும்.

மோல்மேன்காரன்:
போன தீமிதிக்கு இவர் கட்டிய சீரியல் லைட் பாதி ராத்திரியில் அணைந்ததே, அதற்கும் எல்.இ.டி.தான் காரணமா?

சால்டர் மாமா:
ஜெனரேட்டரில் டீசல் ஊற்ற வேண்டியது யார்? ஊரே அறியும். பேச்சை மாற்றாதீர்கள். 1800.

மோல்மேன்காரன்:
110.

பெகு தம்பி:
நேற்று மணி ஆறுக்குப் பதில் ஐந்தே முக்காலுக்கு அடித்தது. குருக்கள் என்னைத் தேடுகிறார். யாராவது அதைச் சொல்லுங்கள்.

சால்டர் மாமா:
முதலில் மோல்மேன்காரரை எல்.இ.டி.யை ஒப்புக்கொள்ளச் சொல்.