ஸ்பைன்: தண்டுவடம் வேண்டாம், விறைப்பு போதும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ரீகர்வ் வில் (நுனிகள் முன்புறம் வளைந்த வில்) கையேட்டின் சொற்பட்டியலில், அம்புத் தண்டின் விறைப்பைக் குறிக்கும் ஸ்பைன் (spine) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் 'தண்டுவடம்' என்று போட்டிருக்கிறோம். தயவுசெய்து அதை எடுத்துவிடுவோம். தண்டுவடம் ஓர் உறுப்பு. அம்புக்குள் அப்படி எதுவும் இல்லை. இங்கே பேசுவது தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைப் பற்றி.

நாணை விட்டதும் அம்பு நேராகக் கிளம்புவதில்லை. விரல்களிலிருந்து நழுவும் நாண் அதைப் பக்கவாட்டிலும் சற்றுத் தள்ளுகிறது. முனையின் எடை முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. நடுவில் அகப்பட்ட தண்டு ஒருபுறம் வளைந்து, மறுபுறம் வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படங்களில் காட்டியது இதைத்தான். வளைவு அளவோடு இருந்தால் அம்பின் வால் பிடியில் உரசாது.

அது அளவோடு இருக்கிறதா என்று பார்க்க, இறகு ஒட்டிய அம்புகளோடு இறகில்லாத ஒரு மொட்டை அம்பையும் எய்கிறோம். முதலில் நாணை முறுக்கி நாணுயரத்தை, அதாவது பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை, சரிசெய்ய வேண்டும். அப்புறம் நாணில் அம்பு தொடுக்கும் இடம்: மொட்டை அம்பு மற்றவற்றுக்குக் கீழே தைத்தால் அந்த இடம் மேலே இருக்கிறது, சற்று இறக்க வேண்டும். இவை இரண்டும் அடங்கிய பிறகுதான் இடம் வலம் பார்ப்பது. வலக்கை வில்லாளருக்கு மொட்டை அம்பு இடப்பக்கம் ஒதுங்கினால் தண்டு விறைப்பு. கூடுதல் எடையுள்ள முனை போடலாம். வலப்பக்கம் ஒதுங்கினால் தண்டு தளர்வு. முனையின் எடையைக் குறைக்கலாம், அல்லது தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கலாம். ஒரேயடியாக நறுக்கிவிட்டால் தண்டு போனது போனதுதான்.

களத்தில் 'விறைப்பு', 'தளர்வு' என்று சொன்னால் புதிதாக வில் எடுத்தவருக்கும் உடனே புரியும். ஆகவே என் பரிந்துரை விறைப்பு. தண்டுக்கு மட்டும் உரியது 'நிலைவிறைப்பு'. வில்லின் வலு, தண்டின் நீளம், முனையின் எடை எல்லாம் சேர்ந்து எய்யும்போது வெளிப்படுவது 'எய்விறைப்பு'. ஒரே நிலைவிறைப்புள்ள இரண்டு தண்டுகளில் நீளமானது தளர்வாகப் பறக்கும் என்று இனி ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ஆனால் கார்பன் தண்டில் அச்சிட்ட எண்ணை 'விறைப்பெண்' என்று சொல்லக் கூடாது. 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிடும்போது அரை அங்குலம் தொய்ந்தால் அது 500. எண் கூடக்கூட விறைப்பு குறைகிறது. 'தொய்வெண்' என்றால் குழப்பம் வராது.

—

ஐயா, எய்விறைப்பு அருமை, அப்படியே சேர்க்கிறேன். தொய்வெண் கார்பனுக்குச் சரி, மரத்தண்டுக்குப் பொருந்தாதே? அதற்கு 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை. 26ஐத் தொய்வின் அங்குல அளவால் வகுத்துப் பவுண்டில் சொல்கிறார்கள். 0.52 அங்குலம் தொய்ந்தால் 50 பவுண்டு. இங்கே எண் கூடினால் விறைப்பும் கூடும்.

—

சரியான கேள்வி. அப்படியானால் மரத்துக்கு 'விறைப்பெண்', கார்பனுக்குத் 'தொய்வெண்' என்று இரண்டையும் வைத்துக்கொள்வோம். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரட்டும், அளக்கும் முறையோடு.