‘கெட்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?

கேள்வி (தேனிக்காரன்):
ஆங்கில அகராதியில் ‘கெட்’ (get) என்று தேடினால் பக்கம் பக்கமாகப் போகுது. அதோட இறந்தகால வடிவம் ‘காட்’ (got). ‘ஐ காட் எ லெட்டர்’, ‘ஐ காட் ஆங்ரி’, ‘ஐ காட் டு மதுரை’, ‘ஐ காட் ஹிம் டு சைன்’ எல்லாத்திலும் அதே ‘காட்’தான். படிக்கும்போது எந்த அர்த்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில் (மாலைவகுப்பு):
‘கெட்’டைப் பார்க்காதீங்க, அதுக்கு அடுத்து என்ன வருதுன்னு பாருங்க. பொருள் வந்தால் கிடைத்தது, வாங்கினேன், எடுத்துவந்தேன். ‘கெட் சம் மில்க்’ என்றால் பால் வாங்கிட்டு வா. ஊர் பேர் வந்தால் போய்ச் சேர்ந்தேன். ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ முன்னால் ‘டு’ போடக் கூடாது. ‘காட் டு ஹோம்’ தப்பு, ‘காட் ஹோம்’ சரி.

பெயரடை வந்தால் நம்ம ‘ஆகு’, ‘வா’. ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’: இருட்டிக்கிட்டு வருது. தமிழில் ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பதால் ‘ஆங்கர் கேம் டு மீ’ என்று எழுதிடறாங்க. ‘ஐ காட் ஆங்ரி’ போதும். ‘ஐ வாஸ் ஆங்ரி’ என்றால் கோபமாக இருந்தேன்; ‘காட்’ போட்டால்தான் கோபம் வந்த அந்த நொடி தெரியும்.

பதில் (சொல்லுளி):
நிறையப் பேர் சறுக்குகிற இடம் முடிவெட்டு. தமிழில் ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்றால் கடைக்குப் போய் வெட்டிக்கிட்டதாகத்தான் எல்லாரும் எடுத்துக்குவாங்க. அதை அப்படியே ‘ஐ கட் மை ஹேர்’ என்று எழுதினால், கத்தரிக்கோலை நீங்களே பிடிச்சதாகத்தான் பெரும்பாலும் புரிஞ்சுக்குவாங்க. அடுத்தவர் வெட்டினால் ‘ஐ காட் மை ஹேர் கட்’. வரிசை முக்கியம்: காட், பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். ‘ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்’டும் இதே வார்ப்புதான்.

இன்னொரு கண்ணி: ‘ஐ காட் டு மீட் ஹெர்’ என்றால் பொதுவாக அவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. ‘ஐ ஹேவ் காட் டு மீட் ஹெர்’ என்றால் சந்தித்தே ஆகணும். பேச்சில் அந்த ‘ஹேவ்’ வெறும் ‘வ்’ ஆகத் தேயும், சில நேரம் காணாமலே போயிடும். அப்போ சூழலை வைத்துத்தான் பிரிக்கணும்.

பதில் (கடைசிபெஞ்சு):
பஸ்ஸை விட்டுட்டீங்களே. ‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்’ இந்திய ஆங்கிலம். இங்கே யாருக்கும் புரியும், லண்டனில் ‘கெட் ஆஃப் த பஸ்’தான். உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானத்துக்கும், மேலே உட்கார்ந்து போகிற பைக், குதிரைக்கும் ஆன், ஆஃப். கார், டாக்சிக்கு இன், அவுட் ஆஃப்.

‘கெட்’டின் மூன்றாம் வடிவத்தை அமெரிக்கர்கள் ‘காட்டன்’ (gotten) என்பாங்க (பருத்தி இல்லை!). ‘ஷி ஹாஸ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறார்; ‘ஷி ஹாஸ் காட் எ கார்’ என்றால் கார் வைத்திருக்கிறார். பிரிட்டனில் ரெண்டுக்கும் பெரும்பாலும் ‘காட்’தான்.

தேனிக்காரன்:
அப்போ ‘ஐ காட் த டாக்டர் செக் மை பிபி’ சரியா?

சொல்லுளி:
‘செக்’குக்கு முன்னால் ‘டு’ விட்டுப்போச்சு. ‘கெட்’ என்றால் ‘டு’ வேணும். அதே இடத்தில் ‘ஹேவ்’, ‘மேக்’ போட்டால் ‘டு’ கூடாது: ‘ஐ ஹேட் த டாக்டர் செக் மை பிபி’. ‘மேட்’ இங்கே வேண்டாம், டாக்டரைக் கட்டாயப்படுத்திப் பார்க்க வைத்த மாதிரி ஆயிடும். ‘காட் ஹிம் டு’வில் பேசிச் சம்மதிக்க வைத்த வாடை இருக்கும். தமிழில் ரெண்டுமே ‘வைத்தேன்’ என்பதால்தான் குழப்பம்.