பொருள்: பூ அலங்காரக் கலைச்சொல் பட்டியல் – காம்பு செருகும் நுரைக்கட்டி, கென்சான் (பூ நிறுத்தும் ஊசித்தட்டு): என்ன பெயர் வைக்கலாம்?

> ‘பூப்பஞ்சு’ என்றே வைத்துவிடலாமே. சின்னச் சொல், யாருக்கும் புரியும்.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, பொருள்தான் ஒட்டவில்லை. பஞ்சு அமுக்கினால் அமுங்கும், கையை எடுத்தால் எழும்பும். அந்தப் பச்சைக் கட்டியை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் விழுந்ததுதான். செருகிய காம்பை உருவினாலும் துளை மூடாது. அதே துளையில் திரும்பச் செருகினால் காம்பு ஆடும், அடியில் காற்று நின்றுவிட்டால் தண்ணீரும் ஏறாது.

இன்னொரு வம்பும் உண்டு. இந்தக் கட்டியைத் தண்ணீரில் சும்மா மிதக்க விடவேண்டும். தானே குடித்துத் தானே அமிழும். பஞ்சு என்று பெயர் வைத்தால் படிக்கிறவர் கையால் அமுக்கித்தான் நனைப்பார். வெளியே ஈரம், நடுவில் காற்று சிக்கி உலர்ந்தே கிடக்கும். பந்தி முடியுமுன் மேடைப் பூ தலை தொங்கிவிடும்.

நுரைக்கட்டிக்குக் கடைக்காரர்கள் சொல்லும் ‘ஓயாசிஸ்’ அமெரிக்காவில் ஒஹாயோவில் 1954-ல் தொடங்கிய நிறுவனத்தின் வணிகப் பெயர். பேச்சில் இருக்கட்டும், கலைச்சொல் பட்டியலில் வேண்டாம்.

> கென்சானுக்கு ‘முள்படுக்கை’?

பீஷ்மர்தான் நினைவுக்கு வருகிறார்! இதில் பூ படுப்பதில்லை, நிற்கிறது. கனமான ஈயத் தட்டில் நெருக்கமாக நட்ட பித்தளை ஊசிகள், அவ்வளவுதான் கென்சான். கிளை சாய்ந்து நின்றாலும் ஈயத்தின் கனம் கவிழாமல் பிடித்துக்கொள்ளும். இகெபானா என்னும் ஜப்பானியப் பூ அலங்காரம் செய்பவர்கள் தடித்த கிளையின் அடியைக் கீறி ஊசிமேல் குத்துவார்கள்.

இரண்டும் செய்வது ஒரே வேலை: காம்பை நிற்க வைப்பது. எனவே பொதுச்சொல்லாகக் காம்பூன்றி என்று வைக்கலாம் என்பது என் கட்சி. ஊசிக் காம்பூன்றி, நுரைக் காம்பூன்றி என்று பிரித்துக்கொள்ளலாம். பொருளின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் நாளைக்குச் சிக்கல். நுரை மக்காமல் நுண்நெகிழியாக உதிர்கிறது என்பதால், பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் செல்சி மலர்க் கண்காட்சி உள்ளிட்ட தன் கண்காட்சிகளில் 2021 முதல் அதை அனுமதிப்பதில்லை. அங்கே பலர் கோழிவலையைச் சுருட்டிச் சாடிக்குள் திணிக்கும் பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். அதுவும் வலைக் காம்பூன்றி ஆகிவிடும்.

‘தண்டூன்றி’ என்றால் தப்பில்லை. கிளாடியோலஸுக்குத் தண்டு என்பதுதான் பொருத்தம். ஆனால் ரோஜாவுக்கு யார் தண்டு என்கிறார்கள்?

மற்றவை சுலபம். கம்பிக்குப் ‘பூக்கம்பி’ போதும். கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்ணான ‘கேஜ்’ என்பதை மாற்ற வேண்டாம். எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்று ஒரு வரிக் குறிப்பு இருந்தால் சரி. காம்பில் சுற்றும் நாடாவைப் பட்டியலில் ‘பசைநாடா’ என்று போட்டிருப்பதை மட்டும் மாற்றுங்கள். அது மெழுகேற்றிய காகிதம். இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும். ‘மெழுகுநாடா’ என்று போடலாம்.

மேடை அலங்காரத் தொழிலில் இருப்பவர்கள் குழுவில் இருந்தால், பட்டியலை முடிப்பதற்குள் காம்பா தண்டா என்று சொல்லுங்கள்.